கந்தையும் பிள்ளைத் துணியும்

கந்தை என்பது தமிழில் இழிவு சுமந்த சொல். கந்தல், கந்தலாடை, கந்தற்கோலம் என அதன் சுற்றம் முழுதும் வறுமையையே சுட்டி நிற்கிறது. கூழையும் கந்தையையும் ஒருசேரப் பேசும் பழமொழியும், இல்லாமையிலும் தூய்மை வேண்டும் என்று சொல்லவே அதனை நினைக்கிறது. வடமொழியில் 'கந்தா' என்பது ஒட்டிட்டுத் தைத்த துணியைக் குறிக்கும். தமிழ்க் கந்தையை அதனோடு இணைத்துக் காட்டுவர் அகராதியார். வங்கத்திலோ அதே சொல் 'காந்தா' என வழங்கி, பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வைக்குப் பெயராகி, அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் ஏறி அமர்ந்துவிட்டது. சொல் ஒன்று, செய்பொருளும் ஏறத்தாழ ஒன்றே. ஓரிடத்தில் அது கலையாயிற்று. காவிரிப் படுகையில் பெயரின்றிப் போயிற்று.

தையற்கலை தமிழர்க்குப் புதிதன்று. தைத்தலையும் தைத்த தையலையும் 'துன்னம்' என்றனர் பழந்தமிழர். புகார் நகர வீதிகளில் வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள், துன்னகாரரையும் தோல் தைப்போரையும் வேறு வேறாகவே குறிக்கின்றார். ஆயினும் ஒட்டுத்துணி இலக்கியத்துள் நுழையும் இடங்களை நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்த கந்தை ஈரும் பேனும் குடியேறியது. வேற்றிழை நுழைத்துத் தைக்கப்பட்டது. அதனைக் களைந்து கரிகாலன் அளித்த புத்தாடையோ பாம்பின் தோலை ஒத்தது. புறநானூற்றின் 136ஆம் பாட்டில் துறையூர் ஓடைகிழார் தம் ஆடையின் தையல்தோறும் பேன் புகுந்து வருத்துவதை ஆய் அண்டிரனிடம் கூறுகின்றார். பெரியபுராணத்திற்கு வந்தால், பழையாறையில் பிறந்த வணிகராகிய அமர்நீதியார் அடியவர்க்குக் கந்தையும் கீளும் கோவணமும் அளித்த தொண்டர். பாணன் வறுமை, புலவன் வறுமை, அடியவன் துறவு என்றே கந்தை பாடப்பட்டது. அதனைத் தைத்த கை யாருடையது என்று பொருநராற்றுப்படையும் சொல்லவில்லை, ஓடைகிழாரும் சொல்லவில்லை.

பௌத்த மரபு இத்துறையில் சற்று வேறுபட்டது. எறிந்த துணிகளைத் தேடித் தைத்து உடுத்தல் பிக்குகளின் நெறிகளுள் ஒன்று. வரப்புகளால் பகுக்கப்பெற்ற மகத நாட்டு வயல்களைக் காட்டி, சீவர ஆடையையும் அவ்வாறே துண்டு துண்டாக இணைத்துத் தைக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் கூறியதாக விநய நூல் உரைக்கின்றது. முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துப் பிக்குகளுக்கும் இந்த வயல்வடிவ ஆடை உரியதே. நடவு முடிந்த சம்பா வயலை வரப்பின்மேல் நின்று பார்த்தவர்க்கு இவ்வுவமையின் நுட்பம் விளக்க வேண்டியதன்று.

இனிப் பிள்ளைத் துணிக்கு வருவோம். மண்ணையும் உழைப்பையும் பாடிய கல்யாணசுந்தரம் (1930–1959) பிறந்த பட்டுக்கோட்டை வட்டாரத்திலும், பொதுவாகத் தஞ்சைத் தரணி எங்கும், தலைப்பிரசவத்திற்கு மகள் தாய்வீடு வந்து சேர்ந்ததும் அவ்வீட்டு மூதாட்டி முதலில் திறப்பது பழந்துணிப் பெட்டியைத்தான். பிறவாத பிள்ளைக்குப் புதுத்துணி வாங்குதல் ஆகாது என்பது வழக்கம். அச்சத்தில் பிறந்த வழக்கமே எனினும் அதற்குள் அறிவும் இருந்தது. நூறு முறை துவைத்த நூற்சேலையின் மென்மை எந்தப் புதுத்துணிக்கும் வாராது. கண்டாங்கியோ சுங்குடியோ, கிழிந்த இடத்தை விலக்கி நல்ல பாகத்தைக் கத்தரித்து, இரண்டாகவோ நான்காகவோ மடித்து, ஓரங்களை உள்வாங்கி, குறுக்கும் நெடுக்குமாக நூலோட்டித் தைத்தெடுப்பர். எட்டு முழ வேட்டி ஒன்று பல துணிகளாகும். முடிச்சு பிள்ளையின் முதுகில் உறுத்தாதவாறு மடிப்புக்குள் மறைத்தல் வேண்டும். இதனை எந்தத் தையற்பள்ளியும் கற்பித்ததில்லை. முழுச்சேலை கிடைத்தால் அது உத்தரத்தில் தூளியாகும். நடவுக் காலத்தில் அதே தூளி வரப்போரத்து மரக்கிளையில் தொங்கும். நோய்நொடியின்றி வளர்ந்த பிள்ளையின் துணியை அடுத்த வீட்டுப் பேறுகாலத்திற்குக் கேட்டு வாங்கிச் செல்வதும் உண்டு. தைத்தவர் ஒருவர், அதிற்கிடந்த பிள்ளைகளோ பலர். உறவும் நட்பும் இவ்வாறு துணிவழி நடந்தன.

இத்துணிகளில் பூவேலை இல்லை, தாமரை இல்லை, யானை இல்லை. இது கலையுணர்வின் குறை என்று கருதுவார் உளர். அக்கருத்து பொருந்தாது. வங்கத்தில் குளிர்காலத்திற்குக் கனத்த போர்வை வேண்டும். காவிரிப் படுகையின் இடர் குளிரன்று, ஈரம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நாட்கணக்கில் வெயில் முகம் காட்டாது. பிள்ளையோ நாழிகைக்கு ஒரு துணியை நனைக்கும். அங்கே தேவைப்படுவது தடிப்பு அன்று, எண்ணிக்கை. அழகு அன்று, விரைந்து உலரும் தன்மை. உலராத துணிகளைக் கவிழ்த்த கூடைமேல் விரித்துக் கீழே சாம்பிராணிப் புகையிட்டு உலர்த்திய வீடுகளை அறிந்தோர் இதனை உணர்வர். நெருக்கமாகப் பூவேலை செய்த நாலடுக்குத் துணி அப்புகையில் எப்போது காய்வது? எளிமை இங்கே வறுமையின் விளைவு மட்டும் அன்று; மழையறிந்து செய்த தேர்வுமாகும்.

வங்கக் காந்தாவின் பெருமை தானாக வந்ததன்று என்பதும் எண்ணத்தக்கது. அங்கும் அது அடுக்களைப் பெண்களின் ஓய்வுநேர வேலையாகவே இருந்தது. நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவியெடுத்த வண்ண நூலால் தைத்து, பிறந்த பிள்ளைக்கும் மணமக்களுக்கும் பரிசாக அளித்தனர். ஆட்சிப் பணி அதிகாரியாக ஊர் ஊராகச் சென்ற குருசதய தத்தர் (1882–1941) அவற்றைத் தேடித் திரட்டினார். அத்தொகுப்பு 1963இல் கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அருங்காட்சியகமாயிற்று. மானதசுந்தரி தாசி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்து, அச்செய்தியையும் ஊசியாலேயே எழுதிவைத்த காந்தா அங்கேதான் உள்ளது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தா குறித்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்.

இவர்கள் எல்லாரினும் கவிஞர்க்கு நெருக்கமானவர் ஜசீமுதீன். 1929இல் வெளிவந்த அவருடைய 'நக்ஷி காந்தார் மாட்' ஒரு கதைப்பாட்டு. கணவன் ரூபாய், அறுவடைப் பூசலில் நிகழ்ந்த கொலையின் காரணமாகத் தலைமறைவாகிறான். காத்திருக்கும் சாஜு தங்கள் வாழ்வு முழுவதையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். அதனைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லி இறக்கிறாள். நெல்லுக்காக விழும் வெட்டும், அதனால் தனித்துப்போகும் பெண்ணும் காவிரிக் கரைக்கும் அறிமுகமான செய்திகளே. வேறுபாடு யாதெனின், அங்கே ஒரு கவிஞர் அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

பீகாரில் இதன் உடன்பிறப்பாகிய 'சுஜனி' பிறந்த பிள்ளைக்கென்றே பழஞ்சேலைகளில் தைக்கப்பட்டது. பிள்ளையைக் காப்பவள் 'கந்தல்களின் தாய்' எனப் பொருள்படும் சித்திரியா மா என்னும் தெய்வம் என்பது அம்மக்களின் நம்பிக்கை. வழக்கற்றுப்போன நிலையில் 1988இல் முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா என்னும் சிற்றூரில் அது உயிர்ப்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் புவிசார் குறியீடும் பெற்றது. கந்தலைத் தெய்வமாக்கிய அத்துணிவு வியப்புக்குரியது. ஈண்டுப் பெரியாழ்வாரின் தாலாட்டு நினைவிற்கு வருகிறது. கண்ணனுக்குப் பிரமன் தொட்டில் விடுக்கின்றான். ஏனைய தேவர் கிண்கிணியும் அணிகளும் விடுக்கின்றனர். தொட்டிலினுள் விரிக்கும் துணியை யாரும் விடுத்ததாகக் காணோம். அதனை யசோதையே தைத்திருக்க வேண்டும் போலும்.

டெல்டாவின் பிள்ளைத் துணி எஞ்சாமற் போனதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. அது நைந்து தீரும்வரை பயன்பட்டது, பாதுகாக்கப்படுவதற்காகத் தைக்கப்பட்டதன்று. எஞ்சியவற்றைக் கரையானும் ஈரமும் தின்றன. 2018 நவம்பர் 16 விடியற்பொழுதில் கரை கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டைப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்து ஓட்டையும் கூரையையும் பிய்த்தெறிந்தபோது, வீட்டுப் பெட்டிகளுக்குள்ளும் மழை புகுந்தது. விழுந்த தென்னைகளை அரசு கணக்கெடுத்தது. பழந்துணிப் பெட்டியைக் கணக்கெடுப்பார் யார்? எனினும் புயலினும் பெரிய அழிவை அமைதியாகச் செய்தது செயற்கை இழைச் சேலை. அது சாயம் போகாது, கிழியாது, விரைவில் உலரும். ஆனால் எத்தனை ஆண்டு துவைத்தாலும் மென்மையுறாது, ஈரம் உறிஞ்சாது. அன்றாடம் நூற்சேலை உடுத்தும் தலைமுறை குறையக் குறையப் பிள்ளைத் துணிக்கு மூலப்பொருளே இல்லாதாயிற்று. கடையில் வாங்கிக் கட்டி எறியும் டயாப்பர் அதன் பின்னரே அவ்விடத்தை நிரப்பியது. தைக்கத் தெரிந்த கைகள் இன்னும் உள்ளன. அவற்றுக்குக் கொடுக்கத்தான் பழஞ்சேலை இல்லை.

பழஞ்சேலைக்கும் பழவேட்டிக்கும் இவ்வூர்ப் பெண்கள் வகுத்த வாழ்க்கைமுறை ஒன்றுண்டு. உடுத்தும் காலம் கழிந்ததும் தூளி. தூளி நைந்ததும் பிள்ளைத் துணி. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் தையல் பிரித்து அடுப்படியில் கைப்பிடித் துணி. வேட்டித் துண்டில் கறைபடாது எஞ்சிய வெண்பாகத்தை மட்டும் நீளவாக்கில் கிழித்து, தொடைமேல் வைத்து உருட்டித் திரியாக்கி, மாலையில் எண்ணெயில் நனைத்து விளக்கிலிடுவர்.