பனையேறிக் கெண்டையின் கணக்கு

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்குப் பனையேறிக் கெண்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1791-ல், டேனிஷ்காரர்கள் கையிலிருந்த தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்ற படை அதிகாரி குளக்கரைப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் அதைப் பிடித்தாராம். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. (காக்கை போட்டுவிட்டுப் போயிருக்கும் என்பது என் கட்சி!)

அந்த மீன் இங்கே திருவனந்தபுரத்தில், காரியவட்டத்துக் கேரளப் பல்கலைக்கழகத்தில், ஆய்வுத்தொட்டிக்கு வந்தது. உம்மன் வி. உம்மன், சுபாஷ் பீட்டர் ஆகியோர் மீன்களின் ஹார்மோன்களைப் பல ஆண்டுகள் துருவியவர்கள்.

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். பயம் வந்தால் அட்ரினலின் (1901-ல் ஜப்பானியர் தகாமினே பிரித்தெடுத்தது) சேவிங்ஸ் கணக்கிலிருந்து உடனே பணம் எடுக்கும். பின்னாலேயே கார்டிசால் வந்து ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும், ஆக்சிஜன் செலவு கூடும், வெப்பம் பிறக்கும். எலிக்கும் நமக்கும் உடம்பே சுடும். மீனுக்கோ அந்தச் சூடு செவுள் வழியே தண்ணீரோடு போய்விடும், செலவு செலவுதான்.

2007-ல் பீட்டர் குழு இந்த மீனை மண்ணெண்ணெய் கலந்த நீரில் விட்டு, அதன் வளர்சிதை மாற்றத்தையும் தைராய்டையும் ஆராய்ந்தது. அதே ஆண்டு திலாப்பியாவை வைத்து, தேங்காய் மட்டை ஊறிய கழிவுநீர் பற்றியும் ஆய்வு வந்தது. கயிற்றுக்காக மட்டை ஊறப்போடும் காயல் ஊர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. சமாளிப்பதற்கே சக்தி போனால், மீன் எதை வைத்து வளரும்?

மீன் செத்து மிதந்தால்தான் தண்ணீர் கெட்டது என்கிறோம். பனையேறி வெளிக்காற்றைக் குடித்தே பிழைத்துக்கொள்ளும் ரகம், சுலபத்தில் மிதக்காது. அதன் ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.