அடுப்புக் கணக்கும் கம்பிக் கணக்கும்

ஜெர்மானியரான வின்சர் என்பவர் 1807இல் லண்டன் பால் மால் வீதியில் நிலக்கரி வாயு விளக்குகளை ஏற்றிக் காட்டி ஜனங்களைப் பிரமிக்க வைத்த நாள் தொட்டு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வரை, அவ்வாயு தனவந்தர் மாளிகைகளுக்கும் கடைவீதிகளுக்கும் உரிய சௌகரியமாக இருந்ததேயன்றி, வாரக் கூலிக்காரனின் வாசற்படியை மிதிக்கவில்லை; மாதக்கணக்கில் சேர்ந்து வரும் பில்லைச் செலுத்துமளவுக்கு அவன் கையில் பணம் ஒருசேரத் தங்காததே அதற்குக் காரணம்.

அந்தத் தடையை நீக்கியது ஒரு சிறு யந்திரம். பென்னி நாணயத்தைத் துளையிலிட்டால் அதற்குரிய வாயுவை மட்டும் விட்டுவிட்டுத் தானே அடைத்துக்கொள்ளும் மீட்டர் 1880களின் பிற்பகுதியில் தோன்ற, அடுத்த சில ஆண்டுகளில் லண்டனின் வாயுக் கம்பெனிகள் அதனுடன் அடுப்பையும் குழாய்களையும் முன்பணமின்றியே பொருத்திக் கொடுத்து, அச்செலவை வாயுவின் விலையிலேயே ஏற்றி வசூலித்துக்கொண்டன. வசூல்காரர் வந்து சமையலறை மேஜையில் செப்புக் காசுகளைக் கொட்டி எண்ணி, கூடுதலாகச் சேர்ந்ததில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாகக் குடும்பத் தலைவியிடமே திருப்பித் தருவார். அவள் அதை எதிர்பாராத வரவாகக் கருதி மகிழ்வாள். தன் பணமே தன்னிடம் திரும்பியது என்பதை அவள் உணர்ந்திருந்தாலும் அம்மகிழ்ச்சி குறைந்திராது என்றே எண்ணுகிறேன். ஆயினும் ஏழை சிறுகச் சிறுகச் செலுத்துவதாலேயே அதிகம் செலுத்தும் வழக்கம் பிரிட்டனில் வேரூன்றியது அவ்விதமே.

வாயு 1949இல் தேசவுடைமையாகி 1986இல் தனியார் கைக்குப் போயிற்று. தபால் இலாகாவின் பராமரிப்பில் வளர்ந்த டெலிபோனும் 1984இல் அவ்வழியே சென்றது.

அந்த டெலிபோன் கம்பியின் மீதே 2000இல் பிராட்பேண்ட் வீடுகளுக்கு வந்தபோது, மாதம் ஏறத்தாழ 40 பவுண்டுக்கு நொடிக்கு அரை மெகாபிட் வேகம் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்குப்பின் 30 பவுண்டுக்கே அதைப்போல் நூறு மடங்குக்கு மேலான வேகம் கிடைத்தது. எரிசக்தியின் கதையோ இதற்கு நேர்விரோதம். அலகு விலைக்கு 2019 ஜனவரியில் விதிக்கப்பட்ட வரம்பின்படி சாதாரணக் குடும்பமொன்றின் வருடாந்திர எரிசக்திச் செலவு 1,137 பவுண்டு. 2022 ஏப்ரலில் அது 1,971. உக்ரைன் யுத்தத்தால் வாயு விலை மேலும் ஏறவே, அவ்வக்டோபரில் அரசாங்கம் மானியம் கொடுத்துத் தாங்கிய பிறகும் 2,500. அதே அளவு உஷ்ணத்துக்கே இத்தனை.

குளிரோடு பேரம் பேச இயலாதவர்கள், இயன்றவரை பேரம் பேசக்கூடிய இணையச் சந்தாவின் மீது கண்வைத்தது இயல்பே. பத்து வாட் ரவுட்டர் இரவு பகலாக எரிந்தால், அலகு 34 பென்ஸ் விற்ற அக்காலத்தில் வருடத்துக்கு 30 பவுண்டு மின்சாரம் தின்னும். அது ஒரு மாதச் சந்தாவுக்குச் சமம். ஆனால் மலிவான எரிசக்தித் திட்டத்தைத் தேடவும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் அக்கம்பியே வேண்டியிருந்தது.

அச்சமயத்தில் இணையக் கம்பெனிகள் நடந்துகொண்ட முறை மெச்சத்தக்கதல்ல. பணவீக்கத்தோடு 3.9 சதவீதம் சேர்த்து ஏற்றுவதென்ற ஒப்பந்த ஷரத்தின்படி, 2023 வசந்தத்தில் பலர் 14.4 சதவீத உயர்வைச் சுமந்தனர். ஏழைகளுக்கென்று சலுகைக் கட்டணம் இருக்கத்தான் செய்தது. எனினும் தகுதியுடைய 42 லட்சம் குடும்பங்களில் 2022 தொடக்கத்தில் அதைப் பெற்றவை 55,000 மட்டுமே. ஒப்பந்தக் காலத்தின் நடுவே வரும் உயர்வை ஒப்பந்தம் செய்யும்போதே பவுண்டு, பென்ஸ் கணக்கில் சொல்லிவிட வேண்டுமென்று தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் விதித்த நிபந்தனை, 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களுக்கே பொருந்தும்.