பிராசசரும் ராமும்: அசெம்பிள் செய்த கணினியின் கதை

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கணினி பூட்டும் வழக்கம் 1990களில் பரவியபோது, செலவை ஏற்றி இறக்கியவை பிராசசரும் ராமும்தான். பிராசசரின் மெகாஹெர்ட்ஸ் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வந்தது. ராமைப் பற்றிய கேள்வி கடையில் விலைப்பட்டியல் போடும் நேரத்தில்தான் எழுந்தது. குறைந்த பணத்தோடு போனவர்கள் சறுக்கியது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. பழைய 30 பின் சிம் (ராம் அட்டை) ஒன்று ஒரு நேரத்தில் 8 பிட் மட்டுமே தரும். 386டிஎக்ஸ், 486 ஆகியவற்றின் தரவுப் பாதை 32 பிட் அகலம். ஆகவே ஒரே அளவில் நான்கு சிம்கள் வேண்டும். அடுத்து வந்த 72 பின் சிம் 32 பிட் தந்ததால் 486க்கு ஒன்றே போதும். ஆனால் 1993இல் வந்த பென்டியத்தின் பாதை 64 பிட். அதற்கு மறுபடியும் ஜோடி தேவைப்பட்டது. ஒற்றை 8 எம்பி சிம்மோடு பெரும்பாலான பென்டியம் போர்டுகள் இயங்க மறுத்தன. இரண்டு 4 எம்பி வாங்கியிருந்தால் வேலை நடந்திருக்கும். 64 பிட் அகலமுள்ள 168 பின் டிம் வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது.

இரண்டாவது சிக்கல் விலை. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலை தீப்பிடித்தது. சிப்புகளைப் பொதியும் எபாக்சி பிசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ராம் விலை ஒரேயடியாக ஏறியது. 1995இல் ஒரு எம்பி சுமார் 30 டாலர். விண்டோஸ் 95க்கு 4 எம்பி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும் 8 எம்பிக்குக் கீழே அது தவழ்ந்தது. 1996இல் விலை சரிந்த பிறகுதான் பலருக்குக் கை நிமிர்ந்தது.

மலிவான பிராசசர் என்பது பல நேரம் விலையுயர்ந்த பிராசசரில் எதையோ குறைத்து விற்பது. 1991இல் வந்த 486எஸ்எக்ஸ் சிப்பில் கணிதத் துணைச்செயலி முடக்கப்பட்டிருந்தது. பின்னர் அதைச் சேர்க்க விரும்பியவருக்கு இன்டெல் விற்ற 487எஸ்எக்ஸ் உண்மையில் ஒரு முழு 486டிஎக்ஸ். சாக்கெட்டில் ஏறியதும் அது பழைய சிப்பை ஓரங்கட்டிவிடும். வணிகத் தந்திரம் இவ்வளவு வெளிப்படையாக அமைவது அபூர்வம்.

இன்டெலின் மலிவு வரிசையில் 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலை கேஷே (பிராசசர் அடிக்கடி தேடும் தரவை வைக்கும் சிறு வேக நினைவகம்) இல்லை. விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ அந்தக் குறையைத் தீர்த்தது. 128 கேபி கேஷ் சிப்புக்குள்ளேயே, முழு வேகத்தில். பென்டியம் 2இல் 512 கேபி இருந்தாலும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது. அறிவிப்பு விலை 149 டாலர். அதே நேரத்தில் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2க்கு 669 டாலர். 300ஏவின் பெருக்கி (பஸ் வேகத்தைப் போல எத்தனை மடங்கில் பிராசசர் ஓடும் என்ற எண்) 4.5இல் பூட்டப்பட்டிருந்தது. பஸ்ஸை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் கணக்கு நேராக 450இல் நின்றது, பெரும்பாலான சிப்புகளும் அதைத் தாங்கின. பஸ்ஸை மாற்ற விடாத போர்டுகளில் பி21 என்ற பின்னை டேப்பால் மறைத்தார்கள். இதில் ராமின் பங்கை மறந்தவர் தோற்றார்: 66க்குச் செய்த எஸ்டிராம் (அன்றைய வழக்கமான ராம் வகை) 100இல் தடுமாறும், பிசி100 தர ராமும் 440பிஎக்ஸ் சிப்செட் போர்டும் இருந்தால்தான் மலிவு பிராசசர் பலன் தரும்.

சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் போன்ற கடைத்தெருக்களில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் பிராண்டட் கணினியை விட மலிவாகக் கிடைத்த காலம் இதுதான். கேபினட் (பெட்டி), எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) என்று அங்கே புழங்கிய சொற்கள் அப்படியே வீடுகளுக்குள்ளும் வந்தன.

2000இல் இன்டெல் சறுக்கியது. பென்டியம் 4ஐ அது ஆர்டிராம் என்ற வேறு வகை ராமோடு கட்டிப்போட்டது; விலை எஸ்டிராமைப் போலப் பல மடங்கு, ஜோடியாகத்தான் போடவும் வேண்டும், காலி ஸ்லாட்டில்கூட ஒரு வெற்று அட்டையைச் செருகியாக வேண்டும். 2001இல் சாதாரண எஸ்டிராமை ஏற்கும் 845 சிப்செட் வந்தது. ஆனால் பிராசசரின் பஸ் நொடிக்கு 3.2 ஜிபி கேட்க, பிசி133 ராம் கொடுத்தது ஏறக்குறைய 1 ஜிபி. மலிவு என்று அதை வாங்கியவர்கள் வேகத்துக்குக் கொடுத்த பணத்தை வீணாக்கினார்கள்.

போட்டி நிறுவனமான ஏஎம்டி அந்த இடைவெளியில் நுழைந்தது. 2000 ஜூனில் வந்த அதன் மலிவு பிராசசரான டியூரானின் இரண்டாம் நிலை கேஷ் 64 கேபிதான்; ஆனாலும் சிப்பின் மேல் இருந்த சிறு இணைப்புப் புள்ளிகளைப் பென்சிலால் கோடிழுத்துச் சேர்த்தால் பெருக்கிப் பூட்டு திறந்தது. ஏஎம்டி பிராசசருக்கான போர்டுகள் எஸ்டிராமுக்கு அடுத்து வந்த டிடிஆர் ராமையும் முன்னதாகவே ஏற்றன. ராம் விலை மட்டும் யார் கையிலும் நிற்கவில்லை. 1999 முதல் 2002 வரை தயாரிப்பாளர்கள் கூடி விலை நிர்ணயித்தது பின்னர் வெளியாகி, அமெரிக்காவில் 2005இல் சாம்சங் 30 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

2003இல் ஏஎம்டியின் அத்லான் 64 ராமைக் கட்டுப்படுத்தும் பகுதியைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தது. அதன்பின் எந்த ராம் பொருந்தும் என்பதைப் பிராசசரே முடிவுசெய்தது. 2006இல் டிடிஆர்2க்கு மாற ஏஎம்டி வாடிக்கையாளர்கள் ஏஎம்2 சாக்கெட் போர்டும் புதுப் பிராசசரும் சேர்த்து வாங்க நேர்ந்தது. இன்டெல் இதே அமைப்புக்கு வந்தது 2008 நவம்பரில், முதல் கோர் ஐ7 வரிசையோடு.