கேட்காமலே வந்த விக்டோரியா காலம்

1999-ல இங்கிலாந்துல சேனல் 4 டிவிக்காரங்க ஒரு குடும்பத்தை, 1900-ம் வருஷத்து வீடு மாதிரி மாத்தின வீட்டுல மூணு மாசம் குடிவெச்சாங்க. கரண்ட் கிடையாது, கரி அடுப்பு, கையாலதான் துவைக்கணும்.

கடலூர்காரங்களுக்கு இந்த அனுபவம் கேமரா இல்லாமலே கிடைச்சுது! 2011 டிசம்பர் 30 காலையில 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறிச்சு. பல கிராமங்கள் வாரக்கணக்கில இருட்டு. மோட்டார் ஓடாம குடிதண்ணிக்கு அலைச்சல். பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சுது.

ஆனா நிஜ விக்டோரியா காலத்துக் கஷ்டம் வேற மாதிரி மக்களே. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. 1877-ல ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வெச்ச கூலி, ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் ஓரணாவும். நாள் முழுக்க உடம்பு வருத்தி வேலை செஞ்சவனுக்கு இது எம்மூலைக்கு?

அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, 1867-ல, சிதம்பரம் பக்கத்து மருதூர்ல பிறந்த வள்ளலார் வடலூர் தருமசாலையில மூட்டின அடுப்பு இன்னிக்கும் அணையல.

தானே வந்தப்போ இருட்டு இருந்துச்சு, ஆனா ரேஷன்ல இலவச அரிசியும் இருந்துச்சு. விளக்கு இல்லாத வீட்டை டிவியில திரும்பக் கட்டிக் காட்டலாம். பசியை எப்படிங்க காட்டுறது?