காவிரி டெல்டா நெல்வயலில் பூச்சிகளும் அவற்றின் எதிரிகளும்

காவிரி டெல்டாவில் நெல்லைத் தாக்கும் பூச்சிகளுக்கு உழவர்கள் வைத்த பெயர்கள் பெரும்பாலும் கண்ணால் கண்ட அடையாளத்திலிருந்து பிறந்தவை. தூரின் அடியில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும் பூச்சியால் பயிர் வட்டவட்டமாகக் காய்ந்து, புகை பட்டதுபோல ஆகிவிடும். அதனால் அது புகையான். குருத்து இலையாக விரியாமல் வெள்ளிநிறக் குழலாக நீண்டால் ஆனைக்கொம்பன். இலையை நறுக்கிக் குழலாகச் சுருட்டி அதற்குள் இருந்துகொண்டு நீரில் மிதப்பது கூண்டுப்புழு. ஆனால் இவற்றைத் தின்னும் உயிர்களுக்குப் பெயர்கள் குறைவு. சிலந்தி, தட்டான், பொறிவண்டு, கும்பிடுபூச்சி ஆகியவற்றைச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். புகையானின் முட்டையைக் குத்திக் குடிக்கும் பச்சை நாவாய்ப்பூச்சிக்கோ, தண்டுத் துளைப்பானின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் குளவிக்கோ பரவலான ஊர்ப்பெயர் இல்லை. இந்தக் குளவி கடுகை விடச் சிறியது, கண்ணில் படுவதே அரிது. கண்ணில் படாத கூட்டாளியை இழந்தபோது அந்த இழப்பும் கண்ணில் படவில்லை என்பதே இந்த வரலாற்றின் பெரும்பகுதி.

நீரும் பருவமும்

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்படுவதற்கு முன் டெல்டாவின் பெரும்பகுதி ஒருபோகச் சம்பா நிலமாக இருந்தது. சம்பா நெல் ஐந்து, ஆறு மாதப் பயிர். தை மாதத்தில் அறுவடை தொடங்கும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் நெற்பயிருக்கு இடையே உளுந்தையும் பயறையும் தெளித்து விடுவார்கள். அதன் பின் ஆற்றில் நீர் வரும்வரை மண் வெடித்துக் கிடக்கும். ஆட்டுக்கிடை போடுவதும், வாத்து மேய்ப்பவர்கள் தாள் நிலங்களில் வாத்துகளை ஓட்டிச் செல்வதும், கோடை மழைக்கு உழுது போடுவதும் இந்த இடைவெளியில் நடந்தவை. எருவுக்காகவும் பாட்டுக்காகவும் செய்த வேலைகள்தான் இவை. ஆனால் தண்டுத் துளைப்பானின் புழு அறுத்த தாளுக்குள்தான் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். உழுதால் தாள் புரண்டு புழு வெயிலுக்கும் கொக்குக்கும் மைனாவுக்கும் போய்ச் சேரும். நெல்லை மட்டுமே உண்டு வாழும் பூச்சிக்குப் பல மாதம் நெல்லே இல்லாமல் போவதும் பெரிய அடி.

அணை வந்தபின் குறுவையும் தாளடியும் விரிந்தன; நெல் நிற்கும் மாதங்கள் கூடின. அப்போதும் ஒரு நன்மை மீந்தது. ஜூன் 12 என்ற அணைத்திறப்பு நாளை ஒட்டி வாய்க்கால் வாய்க்காலாக நடவு ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தது. பின்னர் ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள் பரவின. ஆற்று நீர் தாமதமான ஆண்டுகளும் வந்தன. கிணறு உள்ளவர் முன்னால் நட, இல்லாதவர் பின்னால் நட, ஒரு வயலில் முற்றிய பயிரிலிருந்து பக்கத்து வயலின் இளம்பயிருக்குப் பூச்சி நடந்தே போகும் நிலை உண்டாயிற்று.

பழைய காலத்தைப் பூச்சியில்லாப் பொற்காலமாகக் கருத வேண்டியதில்லை. கூண்டுப்புழுவுக்காக நீரில் மண்ணெண்ணெய் விட்டுப் பயிரின் மேல் கயிறு இழுத்ததும், அந்திக்கு விளக்கு வைத்து அதன் கீழ்த் தண்ணீர்த் தட்டு வைத்ததும் தேவையில்லாமல் வந்த பழக்கங்கள் அல்ல. எலிக்கு எதிராக மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டி இன்றும் பெயர் பெற்றது.

பூச்சியியலாளர்கள் அறிந்திருந்தவை

சென்னை மாகாணத்தில் பூச்சிகளை முறையாகப் பதிவு செய்யும் பணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேரூன்றியது. பெயின்பிரிக் பிளெட்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914-இல் சென்னையில் வெளிவந்தது. மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்த டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1928-இல் தென்னிந்தியாவின் ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பம் ஒன்றைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டார்; 1940-இல் அவரது பொருளாதாரப் பூச்சியியல் கையேடு வந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு செதில்பூச்சி, தென்மாவட்டங்களில் காடாகப் பரவியிருந்த சப்பாத்திக் கள்ளியை அழித்துக் காட்டியது. ஓர் உயிரை இன்னோர் உயிரால் அடக்கலாம் என்பது ஆக மொத்தத்தில் புதுச் செய்தி அல்ல. இரண்டாம் உலகப்போருக்குப் பின் டி.டி.டி.யும் பி.எச்.சி. தூளும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்த அறிவு பின்வரிசைக்குப் போயிற்று.

ஒரே கட்டாக வந்த மருந்து

1960-இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு நடந்த இத்திட்டத்தில் விதை, உரம், கடன், பயிர்ப் பாதுகாப்பு எல்லாம் ஒரே கட்டாக வந்தன. 1922-இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆய்வு நிலையம் ஜப்பானிய நெல்லோடு கலந்து உருவாக்கிய ஏ.டி.டி. 27 குறுவைக்கு ஏற்றதாக வேகமாகப் பரவியது. 1966-இல் பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. விளைச்சல் உண்மையாகவே உயர்ந்தது; பஞ்சத்தின் நிழலில் இருந்த நாட்டில் அதைச் சிறிதாக்கிப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் தழைச்சத்து மிகுந்த, நெருக்கமாகத் தூர்கட்டிய, நிழலும் ஈரமும் உள்ள பயிர் புகையானுக்கு நல்ல இருப்பிடம். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த குட்டை ரகமான டைச்சுங் நேட்டிவ் 1 இந்தப் பூச்சிக்கு எவ்வளவு எளிதாக இரையாகும் என்றால், எதிர்ப்புத் திறன் சோதனைகளில் 'தாக்குப்பிடிக்காத ரகம்' என்ற ஒப்பீட்டுக்கு இன்றும் அதையே நடுகிறார்கள். மருந்து என்ற சொல்லும் தன் பங்குக்கு வேலை செய்தது. நஞ்சு என்று சொன்னால் கை தயங்கும். நோய்க்கு மருந்து கொடுக்க யார் தயங்குவார்?

மாகாணத்தின் பூச்சியியல் கையேடு வந்த ஆண்டில் கும்பகோணத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்த எம். எஸ். சுவாமிநாதன், 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், பூச்சிக்கொல்லிகளைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்துவதன் கேட்டை எச்சரித்துப் பேசினார். பசுமைப் புரட்சி என்ற பெயரே அப்போது புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை.

அடித்ததால் பெருகியது

1973–74-இல் கேரளத்தின் குட்டநாட்டில் புகையான் பெருந்தாக்குதல் நடத்தியது. அதே பத்தாண்டில் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் லட்சக்கணக்கான ஏக்கர் பாழாயிற்று. முதலில் எடுத்த வழி எதிர்ப்புத் திறனுள்ள ரகம். 1973-இல் வந்த ஐ.ஆர். 26 இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தோற்றது. பூச்சி அந்த ரகத்துக்குப் பழகிவிட்டது.

காரணத்தைத் தெளிவாகக் காட்டியவர்களில் பீட்டர் கென்மோர் முக்கியமானவர். 1970-களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் வயல்களில் அவர் செய்த ஆய்வில், மருந்து அடிக்காத வயலில் புகையான் அடங்கிக் கிடந்தது. அடித்த வயலில் பல மடங்கு பெருகியது. காரணம் வயலின் அமைப்பிலேயே இருக்கிறது. புகையான் தன் முட்டையை இலையுறையின் தசைக்குள் செருகி வைக்கிறது. அங்கே தெளிப்பு எட்டாது. வளர்ந்த பூச்சியும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில் ஒளிந்திருக்கிறது. நீரின் மேல் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையைத் தேடி அலையும் பச்சை நாவாய்ப்பூச்சியும், நீரில் விழும் குஞ்சுகளைப் பிடிக்கும் சிறு நீர்ப்பூச்சியும் நஞ்சுக்கு நேராக அகப்பட்டுச் சாகின்றன. சில நாளில் முட்டைகள் பொரிக்கும்போது தின்ன ஆள் இல்லை.

சுவாமிநாதன் பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்த காலத்தில், 1986-இல், இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. அரிசி விளைச்சல் சரியவில்லை.

அடுத்து வந்த ஒரு கேள்வி எனக்கு இன்னும் சுவையானது. நட்ட சில வாரங்களில், தின்னப் பூச்சியே இல்லாதபோது, வயலில் அத்தனை சிலந்திகள் எப்படி உயிர் வாழ்கின்றன? ஜாவாவில் ஆய்ந்த வில்லியம் செட்டிலும் உடன் பணியாற்றியோரும் 1996-இல் விடை தந்தனர். மட்கும் தழையையும் நீர்ப்பாசியையும் உண்ணும் சிறு ஈக்கள், வாலால் துள்ளும் நுண்ணுயிர்ப்பூச்சிகள் முதலியவை பயிருக்குத் தீங்கு செய்யாதவை. பருவத் தொடக்கத்தில் அவையே சிலந்திகளின் உணவு. மண்ணில் மட்கு இருந்தால் இவை பெருகும். இவை பெருகினால் பகைப்பூச்சி வரும் முன்பே காவல் தயாராக இருக்கும். கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் மிதித்து நட்ட டெல்டாக்காரர்கள் பயிருக்கு மட்டுமல்ல, சிலந்திக்கும் உரம் போட்டிருக்கிறார்கள். நட்ட பதினைந்து இருபது நாளில் குருணை மருந்து தூவும் வழக்கம் முதலில் கெடுப்பது இந்தத் தொடரைத்தான்.

கணக்கில் ஏறிய சிலந்தி

இந்தியாவில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை 1985-இல் அரசின் கொள்கையாயிற்று. 1991–92-இல் நாடெங்கும் 26 மத்திய மையங்கள் அதற்காக அமைக்கப்பட்டன. டி.டி.டி. வேளாண்மையில் 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் விலக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் ஒரு சிறு வரி இந்த மாற்றத்தை நன்றாகக் காட்டுகிறது. புகையானுக்குப் பொருளாதாரச் சேதநிலை தூருக்கு ஒரு பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி. சிலந்திக்கு அரசுக் கணக்கில் மதிப்பு வந்துவிட்டது. புகையானை மீண்டும் பெருக்கும் என்பதால் செயற்கைப் பைரித்ராய்டுகள், மீத்தைல் பாரத்தியான், குயினால்பாஸ் போன்றவற்றைத் தவிர்க்கவும் அதே பரிந்துரை சொல்கிறது. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுவது, நாற்றின் நுனியைக் கிள்ளி முட்டைக் குவியலை நீக்குவது, நட்ட 30, 37-ஆம் நாள்களில் தண்டுத் துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை கட்டுவது ஆகியவையும் அதில் உண்டு.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தும் அழுத்தம் வந்தது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த கோ. நம்மாழ்வார் 1960-களில் கோவில்பட்டி ஆய்வு நிலைய வேலையை விட்டு வெளியேறி, 2013-இல் மறையும்வரை இரசாயனமில்லா வேளாண்மைக்காக ஊர் ஊராக நடந்தார். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் 2006 முதல் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதைகள் கைமாறின. இவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. பூச்சியைக் கண்டவுடன் தெளிப்பானைத் தோளில் ஏற்ற வேண்டாம் என்ற அளவில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

இருந்தும் வயலில் நடப்பது வேறாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தூரைப் பிரித்து எண்ண ஆளும் நேரமும் வேண்டும். குத்தகைக்குப் பயிரிடுபவர் கடன் வாங்கிப் போட்ட பயிரில் பத்து நாள் காத்திருக்கத் துணிவது எளிதல்ல. மருந்துக் கடையில் ஆலோசனையும் சரக்கும் கடனும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. சிலந்தியை விற்க யாரும் கடை வைக்கவில்லை.

அண்மைக் காலத்தில் ஓரளவு எளிதாகப் பரவிவருவது வரப்பில் உளுந்து ஊன்றும் முறை. உளுந்தில் வரும் அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும். பூவைத் தேடிக் குளவி வரும். இரண்டும் அங்கிருந்து நெல்லுக்கு இறங்கும். டெல்டா வரப்புக்கு உளுந்து புதிதல்ல. உளுந்து வீட்டுக்கும் ஆகும் என்பதால், பொறிவண்டை நம்பாதவரும் அதை ஊன்றுகிறார்.