அரியணையும் மன்றாட்டும்

தமிழ் நாடக மேடைக்குப் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) அளித்த கொடைகளுள் ஒன்று ‘அமலாதித்யன்’. சேக்சுபியர் 1600ஆம் ஆண்டையொட்டி இயற்றிய ‘ஹாம்லெட்’ என்னும் துன்பியல் நாடகத்தின் தமிழ் வடிவம் அது. பெயரின் ஓசைகூடக் கெடாதவாறு டென்மார்க்கு இளவரசன் தமிழனாகிவிட்டான்.

நடிப்போரைக் ‘கூத்தாடிகள்’ என்று இகழ்ந்த காலம் அது. இளமையில் தமிழ் நாடகங்களை வெறுத்த சம்பந்தனார், பல்லாரி கிருஷ்ணமாச்சார்யரின் தெலுங்கு நாடகத்தைக் கண்டு மனம் மாறினார். 1891இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையை நிறுவினார். கற்றோரும் வழக்கறிஞரும் ஊதியம் கருதாது அங்கு நடித்தனர். பெண் வேடங்களையும் ஆண்களே புனைந்தனர்.

கதை நாம் அறிந்ததே. தம்பி தமையனை நஞ்சூட்டிக் கொன்று, அவனது அரியணையையும் மனைவியையும் கவர்ந்துகொள்கிறான். இறந்த மன்னனின் ஆவி மகனுக்கு உண்மையை உணர்த்துகிறது. தன் பாவங்கள் நீங்கும்வரை நெருப்பில் வாடுவதாக அது கூறுவது நமக்கு உத்தரிக்கும் தலத்தை நினைவூட்டும். 1563லேயே இங்கிலாந்துத் திருச்சபை அக்கோட்பாட்டை மறுத்துவிட்டது. ஆயினும் மக்கள் மனத்திலிருந்து அது மறையவில்லை என்பதற்கு இந்நாடகமே சான்று.

நாம் ஊன்றிக் கற்க வேண்டிய காட்சி மூன்றாம் அங்கத்தில் உள்ளது. இளவரசன் ஏற்பாடு செய்த நாடகம் மன்னனின் மனச்சான்றைத் தைக்கிறது. அவன் தனிமையில் மண்டியிடுகிறான். தன் செயல் காயினின் செயலே என்பதை அறிந்திருக்கிறான், மன்னிப்பையும் விரும்புகிறான். ஆனால், குற்றத்தால் பெற்ற மணிமுடியையும் அரசியையும் விட்டுவிட மனமில்லை. எனவே அவனது செபம் வெறுஞ்சொல்லாகிறது. செபிக்கும் வேளையில் கொன்றால் விண்ணகம் சேர்வானே என்றெண்ணி, பழிதீர்க்க வந்த இளவரசனோ வாளை உறையிலிடுகிறான். முழந்தாளைக் கண்டான், உள்ளத்தைக் கண்டானில்லை!

மனத்துயர், பாவ அறிக்கை, ஈடுசெய்தல் என ஒப்புரவுக்குரிய செயல்கள் மூன்று. மூன்றாவதற்கு அஞ்சியே மன்னன் வீழ்ந்தான். சக்கேயுவோ ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். அவரது வீட்டிற்கு மீட்பு வந்தது.

அரியணை என்பது அரண்மனைக்கு மட்டும் உரியதன்று. நகரம் விரிந்து நசரத்பேட்டையைத் தொட்டபின், இங்கே ஒரு காணி நிலமும் அரியணையாகிவிடுகிறது. உடன்பிறந்தாரின் பங்கைப் பத்திரத்தில் மறைத்துவிட்டு, ஞாயிறுதோறும் பீடத்தின்முன் மண்டியிடுவோர் நம்மிடையே இல்லையா? அவர்களுக்கு இறைவன் மன்னிப்பை மறுப்பதில்லை. கையிலுள்ளதை விட்டால்தான் அதனை ஏந்திக்கொள்ள முடியும்.