நாரியும் கவடும்: கோல்ஃப் வீச்சில் ‘இடுப்பு’ என்னும் சொல்

கோல்ஃப் பழக வருகிற தமிழருக்கு முதல் நாளிலேயே கிடைக்கிற அறிவுரை, “இடுப்பைத் திருப்புங்கோ” என்பது. எந்த இடுப்பை? பட்டி கட்டுவதும் இடுப்பில்தான். பிள்ளையைத் தூக்கி வைப்பதும் இடுப்பில்தான். முன்னது முள்ளந்தண்டின் அடிப்பகுதியைச் சூழ்ந்த இடை (நாரி), பின்னது இடுப்பென்பு. வீச்சில் முன்னது உறுதியாக நிற்க, பின்னது சுழல வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் ஏவுவதால் கற்பவர் சுழலக் கூடாததைச் சுழற்றுகிறார் என்பதே என் வாதம்.

வலக்கைக்காரர் மட்டையைப் பின்னே கொண்டுபோகும்போது தோள்கள் ஏறத்தாழ 90 பாகையும் இடுப்பென்பு அதில் பாதியும் திரும்புகின்றன. இந்த வேறுபாட்டைக் கோல்ஃப் பயிற்சியாளர் ஜிம் மக்லீன் 1992 இல் ‘எக்ஸ் ஃபாக்டர்’ என்றார். கீழ்வீச்சில் இடுப்பென்பு முந்துகிறது. பின்னர் மார்பு, கைகள், மட்டை. கோல்ஃப் வீரர் பென் ஹோகனும் தம் 1957 ஆம் ஆண்டு நூலில் கீழ்வீச்சை இடுப்பே தொடங்க வேண்டும் என்றார். ஆனால் நாரி முள்ளென்புகள் ஐந்தும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 10 பாகைதான் முறுகும். தொடையென்பின் பந்துக்கிண்ண மூட்டோ உட்புறமாக மட்டுமே 35 பாகைக்கு மேல் சுழலக்கூடியது. மூட்டு இறுகியிருந்தால் அந்தப் பாரம் நாரியில் விழுகிறது. ஆய்வாளர் வாட் குழுவினர் 42 தொழில்முறை வீரர்களை ஆராய்ந்து 2004 இல் வெளியிட்ட கட்டுரை, நாரிவலி வரலாற்றுக்கும் முன்காலின் (வலக்கைக்காரருக்கு இடக்கால்) உட்சுழற்சிக் குறைவுக்கும் தொடர்பு கண்டது. தொடர்பு காரணமாகிவிடாது. ஆயினும் மேற்சொன்ன உடலமைப்போடு அது பொருந்துகிறது.

தமிழில் இந்த இடங்களைப் பிரித்துச் சொல்லச் சொற்பஞ்சம் இல்லை. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் “நாரி பிடிச்சுப்போச்சு” என்கிறவர் எந்த இடத்தைச் சொல்கிறார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தொடையும் உடலும் சேரும் மடிப்புக்குக் கவடு என்ற சொல்லும் உண்டு. தண்ணீர் வாளியைத் தூக்கும் இருவரைப் பாருங்கள்: ஒருவர் நாரியை வளைக்கிறார், மற்றவர் முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, முதுகு நேராக, கவட்டில் மடிகிறார். பந்தின் முன் நிற்க வேண்டிய நிலை இரண்டாவதுதான்.

இந்த நிலையைப் பழகப் புல்வெளி தேவையில்லை; மாடிக்குடியிருப்பின் வெறுஞ்சுவர் போதும். பின்புறம் சுவரைத் தொட, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, கவட்டில் மடிந்து நில்லுங்கள். பின்வீச்சில் வலப்புட்டம் சுவரை அழுத்தும். கீழ்வீச்சில் இடப்புட்டம் அந்த இடத்துக்கு வரவேண்டும். இரண்டும் சுவரை விட்டு விலகினால் இடுப்பென்பு பந்தை நோக்கித் தள்ளப்பட்டு, முதுகு நிமிர்ந்துவிட்டது என்று பொருள். இந்தப் பிழையைச் சுவரைப்போல உடனே காட்டித்தரும் ஆசானை நான் அறியேன்.

பரதத்தின் அரைமண்டியில் பழகியவர்களுக்கும் சம்மணமிட்டு இருப்பவர்களுக்கும் தொடைமூட்டில் திரும்புவது எளிது என்று சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. அவை இரண்டும் தொடையை வெளிப்புறம் சுழற்றுபவை. கீழ்வீச்சிலோ ஊன்றிய இடக்காலின் மேல் இடுப்பென்பு இடப்பக்கம் திரும்ப, அந்த மூட்டு உட்புறம் சுழல்கிறது. ஆகவே உட்சுழற்சியைத் தனியே பழக்க வேண்டும். அது குறைந்தவர் இடப்பாதத்தை 20 பாகையளவு வெளியே திருப்பி வைத்தால் நாரி தப்பும்; ஹோகன் சொன்ன நிலையும் ஏறத்தாழ அதுவே.

இந்த ஆட்டம் இலங்கைக்குப் புதிதல்ல; கொழும்பில் கோல்ஃப் கழகம் 1879 இல் தோன்றியது. காலிமுகத் திடலில் தொடங்கிய ஆட்டம் 1896 இல் பொரளைப் பக்கம் இடம்பெயர்ந்தது. இன்று என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்ற இலங்கைத் தமிழ் வீரர்கள் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிவருகின்றனர். அவர்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போரிடம் என் வேண்டுகோள் இதுதான்: “இடுப்பைத் திருப்பு” என்பதை விடுங்கள். “கவட்டில் மடி, நாரியை இறுக்கிப் பிடி, தொடைமூட்டில் திரும்பு” என்று சொல்லுங்கள்.